வீதியோரம் எவருக்கு உரியது?

மலைநாட்டில் துவிச்சக்கர வண்டியின் இன்பமும் அபாயமும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனைய வாகனங்களுக்கு எரிபொருள் வழங்குவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. அந்த நாட்களை நாட்டு மக்கள் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. அலுவலகங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் செல்ல வேண்டியவர்கள், வீட்டின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிகளைத் தேடி எடுத்துத் துடைத்தார்கள். புதிதாக வாங்கச் சென்றவர்கள் விலையைக் கேட்டுத் திகைத்துத் திரும்பினார்கள். பழுதுபார்க்கும் கடைகளில் பல வருடங்களாகக் காணாத கூட்டம் காணப்பட்டது.

அடுத்த சில மாதங்களில் கியூ.ஆர். முறைமை வந்தது, வரிசைகள் குறைந்தன, எரிபொருள் கிடைத்தது. துவிச்சக்கர வண்டிகளுட் பெரும்பாலானவை மீண்டும் வீட்டின் பின்புறத்துக்கே சென்றன. நெருக்கடி கற்பித்த பாடத்தை நெருக்கடியோடு சேர்த்தே நாம் மறந்துவிட்டோம்.

அப்பாடம் என்ன? எரிபொருளும் புகையும் இன்றி, சொந்தக் காலின் வலிமையால் ஒரு மனிதன் தன் தொழிலிடத்துக்குச் சென்று வர முடியும் என்பது அதன் ஒரு பாதி. அப்படிச் செல்பவனுக்கு நமது வீதிகளில் இடமில்லை என்பது அதன் மறுபாதி. இந்த இரண்டாவது உண்மை நாடு முழுவதற்கும் பொதுவானதே. ஆயினும் நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா என விரியும் மத்திய மலைநாட்டில் அது உயிரோடு தொடர்புடைய விடயமாகின்றது.

மலைநாடும் துவிச்சக்கர வண்டியும்

இலங்கைத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரின் வாழ்வில் துவிச்சக்கர வண்டி பெற்றிருக்கும் இடம் சிறியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது குடும்பத்தின் ஓர் அங்கத்தவர் போன்றது. போர்க்காலத்தில் எரிபொருள் தடை நிலவியபோது விறகு, அரிசி மூட்டை, நோயாளி, மணமக்கள் என யாவரையும் யாவற்றையும் அதுவே சுமந்தது. கிழக்குக் கரையில் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற சமதரை ஊர்களில் மீன் வியாபாரியும் மௌலவியும் பள்ளி மாணவியும் ஒரே வீதியில் அதனை மிதித்துச் செல்வதை இன்றும் காணலாம்.

மலைநாட்டின் நிலை வேறு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலும் ஹற்றன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. இடைப்பட்ட நிலம் ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகவே கிடக்கின்றது. ஆகவே இங்கு துவிச்சக்கர வண்டி ஒருபோதும் வெகுசன வாகனமாக இருந்ததில்லை. தோட்டத்துக் கிளாக்கர், பாடசாலை ஆசிரியர், கரியரில் மரப்பெட்டி கட்டிப் பாண் விற்றவர், புடைவைப் பொட்டணத்துடன் லயம் லயமாகச் சென்று கடனுக்கும் துணி கொடுத்த முஸ்லிம் வியாபாரி ஆகியோரே அதனை அதிகம் பயன்படுத்தினர். அவர்களும் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடந்து, இறக்கத்தில் ஏறி அமர்ந்தவர்கள்தாம்.

இதற்கு நிலத்தின் அமைப்பு மட்டும் காரணமன்று. வீதிகளின் வரலாறும் காரணமாகும். மலைநாட்டின் பிரதான வீதிகள் 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பியையும், கோப்பி நோயால் அழிந்த பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காக அமைக்கப்பட்டவை. மன்னாரில் கரையிறங்கிக் காட்டுப் பாதையூடாக மலையேறிய தொழிலாளர்கள் நடந்தே வந்தார்கள். நடந்தே வேலை செய்தார்கள். துரைக்குக் குதிரையும் பின்னர் மோட்டார் சைக்கிளும் இருந்தன. கொழுந்துக்கு லொறி இருந்தது. தொழிலாளிக்கு வீதியின் விளிம்பு மாத்திரமே இருந்தது. அந்த விளிம்பும் பல இடங்களில் ஓர் அடி அகலம்கூட இல்லாதது. ஒருபுறம் கான், மறுபுறம் பள்ளம்.

இன்று அந்த விளிம்பில் நடப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்குச் சீருடையில் செல்லும் பிள்ளைகள், கொழுந்துக் கூடையுடன் மலைக்குச் செல்லும் பெண்கள், மரக்கறி மூட்டையைத் தலையில் சுமப்பவர்கள், மாலையில் நகரத்துக் கடைகளிலிருந்து திரும்பும் இளைஞர்கள். அவர்களோடு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சைக்கிள்காரரும் செல்கின்றார். எனவே மலைநாட்டில் துவிச்சக்கர வண்டியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது ஒரு சிறு தொகையினரின் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவதாகாது. இயந்திரம் இல்லாத எல்லோருக்கும் வீதியில் உள்ள உரிமையைப் பற்றிப் பேசுவதாகும்.

இன்பத்தின் இயல்பு

அபாயத்தைச் சொல்வதற்கு முன்னர் இன்பத்தைச் சொல்வதே முறை. ஏனெனில் இன்பம் இல்லாவிடில் அபாயத்தைப் பற்றிக் கவலைப்பட எவரும் இருக்கப்போவதில்லை. வண்டியை விட்டுவிடு என்று கூறி முடித்துவிடலாம்.

ஹற்றனிலிருந்து கொட்டகலை ஊடாகத் தலவாக்கலைக்குச் செல்லும் வீதியைப் பஸ்ஸில் கடந்தவர் பலர். டெவோன் நீர்வீழ்ச்சியையும் சென். கிளயர் நீர்வீழ்ச்சியையும் ஜன்னல் வழியே சில விநாடிகள் கண்டிருப்பர். அதே வீதியைச் சைக்கிளில் கடப்பவருக்கு அந்நீரின் ஓசை கேட்கின்றது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வரும் வாசனை காற்றில் எட்டுகின்றது. மூடுபனி விலகும்போது முகத்தில் வெயில் படுவது தெரிகின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செல்லும் பாதையும், 1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் உருவான நுவரெலியா கிரகரி வாவியின் கரையும் இத்தகைய பயணத்துக்கு ஏற்றவை. கிரகரி வாவிக் கரையில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்குச் சைக்கிள் கொடுக்கப்படுவதைப் பலரும் கண்டிருப்பர். சிறுபிள்ளைகள் அங்கு முதன்முதலாக மிதிக்கும்போது அவர்களின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை விபரிக்க வேண்டியதில்லை.

எனினும் துவிச்சக்கர வண்டி தரும் பெரிய இன்பம் காட்சியின்பம் அன்று. பிறர் தயவின்றிச் செல்லும் சுதந்திரமே அது. இதனை நன்கு உணர்த்திய நிகழ்வு 1990களின் ஆரம்பத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் இடம்பெற்றது. அங்கு அறிவொளி இயக்கத்தினர் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக நின்றார். கல் உடைக்கும் பெண்கள், வயலில் வேலை செய்யும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எனப் பல்லாயிரக்கணக்கானோர் மிதிக்கக் கற்றனர். முஸ்லிம் யுவதிகளும் அவர்களுள் அடங்குவர். ஏளனப் பேச்சுகள் எழாமல் இல்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திராமல் சென்றுவந்த பெண்களுக்கு முன்னால் அந்த ஏளனம் நிலைக்கவில்லை.

கல்வியோடும் இதற்குத் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் ஏனையோருக்கும் விரிவாக்கப்பட்டது. பீகார் மாநிலத்தில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் வழங்கப்பட்டது. பொருளியலாளர்களான கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் அத்திட்டத்தை ஆராய்ந்தபோது, இடைநிலைக் கல்வியில் சேரும் மாணவியர் தொகை 32 சதவீதத்தால் உயர்ந்திருந்தமை தெரியவந்தது. பாடசாலை தொலைவில் இருந்த கிராமங்களிலேயே அதன் பயன் அதிகமாக இருந்தது.

மேற்பிரிவு லயத்திலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு நாள்தோறும் பல கிலோ மீற்றர் நடக்கும் மலையகச் சிறுமியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. உயர்தர வகுப்பு தனது தோட்டத்தில் இல்லாதபடியால் படிப்பை நிறுத்தியவர்கள் நம்மிடையே உள்ளனர். சமவெளியில் வெற்றி கண்ட திட்டத்தை அப்படியே மலைக்குத் தூக்கிவர முடியாது என்பது உண்மையே. கியர் இல்லாத சாதாரண வண்டி இங்கு ஏற்றத்தில் சுமையாகிவிடும், இறக்கத்தில் எமனாகிவிடும். ஆனால் தூரம் ஒரு பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்கின்றது என்ற உண்மை மலைக்கும் பொருந்தும்.

இறக்கத்தில் நடப்பது என்ன?

மலைவீதியில் மிதிப்பவர்கள் ஏற்றத்துக்கே அஞ்சுவார்கள். அஞ்ச வேண்டியது இறக்கத்துக்குத்தான். இதற்கான காரணத்தை இலகுவாக விளக்கலாம்.

நுவரெலியா நகரத்துக்கும் நானுஓயா புகையிரத நிலையத்துக்கும் இடையில் உயர வித்தியாசம் 200 மீற்றருக்கு மேற்பட்டது. வண்டியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 80 கிலோ எடையுள்ளதாகக் கொள்வோம். இந்த எடை 200 மீற்றர் கீழிறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றின் தடை எடுத்துக்கொள்கின்றது. மிகுதி முழுவதையும் விரல் நீளமுள்ள நான்கு இறப்பர்த் துண்டுகளே ஏற்க வேண்டும். அவற்றைத்தான் நாம் பிரேக் கட்டை என்கின்றோம். ஒன்று தேய்ந்திருந்தாலும், கம்பி தளர்ந்திருந்தாலும், மழையில் ரிம் நனைந்திருந்தாலும் விளைவு என்ன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வேகத்துக்கும் நிற்கும் தூரத்துக்கும் உள்ள தொடர்பையும் பலர் அறிவதில்லை. மணிக்கு 20 கிலோ மீற்றர் வேகத்தில் வருபவர் அபாயத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி எடுப்பாராயின், அதற்குள் 8 மீற்றருக்கு மேல் சென்றுவிடுகின்றார். வேகம் 40 ஆக இருந்தால் அதே நேரத்தில் ஏறக்குறைய 17 மீற்றர் செல்கின்றார். பிரேக் பிடித்த பின்னர் வண்டி ஓடும் தூரமோ இரு மடங்காக அன்றி, நான்கு மடங்காகக் கூடுகின்றது. மலைநாட்டு வளைவுகள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியும் வீதியின் நீளமே அந்தளவு இல்லை. மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

இந்தக் கணக்கை நாம் ஏட்டில் கற்பதற்கு முன்னரே உடம்பில் கற்றுக்கொண்டோம். பதின்மூன்று வயதில், அயல் வீட்டுக் கிளாக்கர் ஐயாவின் சைக்கிளை அவர் உறங்கிய ஞாயிறு மாலையில் சொல்லாமல் எடுத்துக்கொண்டு தோட்டத்து வீதியில் இறங்கியபோது, மூன்றாவது வளைவுக்கு முன்னால் பிரேக் கட்டை கழன்று விழுந்தது. எதிரில் கொழுந்து லொறியின் சத்தம் கேட்டது. செய்வதறியாது ஹாண்டிலைக் கான் பக்கம் திருப்பினோம். கானைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தபடியால் முழங்கையில் ஒரு தழும்போடு தப்பினோம். லொறிச் சாரதி இறங்கி வந்து தூக்கிவிட்டு, "தம்பி, மேல நின்னு பிரேக்கைப் பாத்துட்டு எறங்கணும். எறங்கின பொறகு பாத்து என்னா புண்ணியம்?" என்றார். நாற்பது வருடங்கள் கடந்தும் இதைவிடச் சிறந்த வீதிப் பாதுகாப்பு அறிவுரையை நாம் கேட்டதில்லை. வளைவின் அந்தப் பக்கத்தில் செடிகளுக்குப் பதிலாகப் பள்ளம் இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது.

பெரிய வாகனங்களின் நடுவே

தன் வண்டியால் வரும் அபாயத்தைக் கவனத்தால் குறைத்துக்கொள்ளலாம். பிறர் வாகனத்தால் வரும் அபாயம் அத்தகையதன்று.

கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை. வளைவின் உட்புறமாக வெட்டிக்கொண்டு செல்கின்றன. முன்பகுதி தன்னைத் தாண்டிச் சென்றுவிட்டது என்று எண்ணி உட்புறத்தில் நிற்கும் சைக்கிள்காரரையும் பாதசாரியையும் பின்பகுதி கானுக்குள் நெருக்குகின்றது. சாரதியின் கண்ணாடியில் அந்த இடம் தெரிவதில்லை. எனவே, திரும்பும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் உட்புறத்தில் ஒருபோதும் நிற்கலாகாது. பின்னால் நின்று அது முழுமையாகத் திரும்பிய பின்னரே செல்ல வேண்டும்.

மலைநாட்டு வீதிகளின் கொடுமையை அண்மைய ஆண்டுகளின் இரு நிகழ்வுகள் நாட்டுக்கு உணர்த்தின. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவுக்கு அருகில் செங்குத்தான இறக்கமொன்றில், பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் ஒன்று வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் பலியாகினர். இவ்விரு விபத்துகளிலும் துவிச்சக்கர வண்டி சம்பந்தப்படவில்லை. ஆனால் பல தொன் எடையுள்ள வாகனத்துக்கே விளிம்பு தராத வீதி, பதினைந்து கிலோ வண்டியில் செல்பவனுக்கு எதனைத் தரும் என்ற கேள்வியை அவை எழுப்புகின்றன.

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆண்டொன்றுக்கு 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இவ்வாறு உயிரிழக்கின்றனர். அவர்களில் சுமார் 6 சதவீதத்தினர் சைக்கிளில் சென்றவர்கள். வாகனங்களின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துகள் 4 சதவீதம் கூடுகின்றன என்பதும் அந்நிறுவனம் வலியுறுத்திவரும் உண்மையாகும். அதாவது சைக்கிள்காரரின் உயிர் அவருடைய கையில் உள்ள பிரேக்கில் மட்டும் இல்லை. பின்னால் வருபவரின் காலடியிலும் உள்ளது.

மிதிப்பவர் செய்ய வேண்டியவை

முதலாவது, புறப்படும் முன்னர் பிரேக் இரண்டையும் அழுத்திப் பார்த்தல். கட்டை தேய்ந்திருந்தால் மாற்றாமல் வீதிக்கு வரக்கூடாது. அதன் விலை ஒரு நேரச் சிற்றுண்டியின் விலையை விட அதிகமில்லை.

இரண்டாவது, இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ச்சியாகப் பிடித்துக்கொண்டே வராமல் விட்டுவிட்டுப் பிடித்தல். தொடர்ந்து பிடித்தால் ரிம்மும் கட்டையும் சூடேறிப் பிடிமானம் குறைகின்றது. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பின்னர் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் தலைகுப்புற விழ நேரிடும். இரண்டையும் சேர்த்து, உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்துப் பிடிப்பதே முறை. மழை நாட்களில் ரிம்மில் உள்ள ஈரம் துடைபடும்வரை முதல் அழுத்தம் பயன்தராது என்பதை நினைவில் வைத்திருத்தல் அவசியம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் இது நாளாந்த அனுபவமாகும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரிதல். மூடுபனியிலும் மாலை மங்கலிலும் கறுப்பு மழைச்சட்டை அணிந்து விளக்கின்றிச் செல்பவரைச் சாரதி காண்பதற்குள் காலம் கடந்துவிடும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளி தெறிக்கும் பட்டி ஆகியவை ஆடம்பரமல்ல. இருளில் விளக்கின்றிச் செல்வது சட்டப்படியும் குற்றமாகும்.

நான்காவது, தலைக்கவசம். விழும்போது தலையிலும் மூளையிலும் ஏற்படும் காயத்தை அது பெருமளவு குறைக்கின்றது என்பதை மருத்துவ ஆய்வுகள் நிறுவியுள்ளன. மோட்டார் சைக்கிளுக்குத்தானே தலைக்கவசம் என்று வாதிடுபவர்கள், இறக்கத்தில் சைக்கிளின் வேகம் மோட்டார் சைக்கிளின் வேகத்துக்குக் குறைந்ததன்று என்பதை உணர வேண்டும்.

ஐந்தாவது, இடம். இடதுபுறமாகவே செல்ல வேண்டும்; ஆயினும் கானின் விளிம்பை ஒட்டிச் செல்லலாகாது. சறுக்கினால் திரும்பி வர இடம் இருக்க வேண்டும். பின்னால் பெரிய வாகனம் வந்து வழியும் குறுகலாக இருந்தால், அகலமான இடத்தில் இறங்கி நின்று வழிவிடுவதில் இழிவு எதுவும் இல்லை. சைக்கிளின் பாரில் தம்பியையும் கரியரில் தங்கையையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும் வழக்கத்தைப் பெற்றோர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

சாரதிகளுக்கும் ஒரு சொல். மேடேறி வருபவருக்கு இறங்கி வருபவர் வழிவிடுவது மலைவீதியின் நீண்டநாள் மரபு. மூச்சு வாங்க மிதித்துவரும் சைக்கிள்காரருக்கும் அம்மரபு உரியது. பிரான்சில் நகருக்கு வெளியே சைக்கிளை முந்திச் செல்பவர் ஒன்றரை மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். நமது குறுகிய வீதிகளில் அந்த இடைவெளி இல்லாத இடங்களில் முந்தாமல் பொறுத்திருப்பதே அதற்கு ஈடாகும். பின்னால் வந்து திடீரென ஹோர்ன் அடிப்பது எச்சரிக்கையன்று. ஒரு சிறுவனைக் கானுக்குள் தள்ளுவதற்கு அதுவே போதும்.

அதிகாரத்தில் உள்ளோர் செய்ய வேண்டியவை

இன்று சைக்கிள்களின் நாடு எனப் புகழப்படும் நெதர்லாந்து என்றும் அவ்வாறு இருந்ததன்று. 1971இல் அந்நாட்டு வீதிகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் வீதியில் இறங்கி, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று முழங்கினர். 1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் நிறுத்தப்பட்டு வீதிகள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அந்த நெருக்கடி முடிந்த பின்னரும் அவர்கள் பாடத்தை மறக்கவில்லை. வீதிகளைத் திருத்தினார்கள்; தனிப்பாதைகளை அமைத்தார்கள். நமக்கும் 2022இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நமது பிள்ளைகளும் வீதியில் இறக்கின்றார்கள். வேறுபாடு, நெருக்கடிக்குப் பின்னர் என்ன செய்தோம் என்பதிலேயே உள்ளது.

மலையை வெட்டி எல்லா இடத்திலும் தனிப்பாதை அமைக்குமாறு நாம் கோரவில்லை. அது சாத்தியமும் அன்று. சாத்தியமானவை வேறு பல உள்ளன. வீதியோரத்துக் கான்களுக்குக் கொங்கிரீட் மூடி இட்டால் அதுவே நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் மூன்றடிப் பாதையாகிவிடும். பாடசாலைகளுக்கும் லயங்களுக்கும் அருகில் வேக எல்லையைக் குறைத்து அதனை மெய்யாகவே நடைமுறைப்படுத்தலாம். பள்ளமுள்ள வளைவுகளில் பாதுகாப்பு வேலி அமைக்கலாம். பாடசாலை மைதானத்தில் பொலிஸாரின் உதவியோடு மாணவ, மாணவியருக்கு சைக்கிள் ஓட்டும் முறையைக் கற்பிக்கலாம்.

இவற்றைவிட முக்கியமானது தோட்டத்து உள்வீதிகள். கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களின் ஊடாக 22 கட்டங்களாக, 300 கிலோ மீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதை அண்மைய ஆண்டுகளில் திறக்கப்பட்டது. வெளிநாட்டவர்கள் அதில் மகிழ்ச்சியோடு நடக்கின்றார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்புள்ள, லொறி நெரிசல் இல்லாத பாதைகள் ஏற்கனவே இங்கு இருக்கின்றன என்பதை அது நிரூபித்துவிட்டது. உல்லாசப் பயணிக்காக ஒன்றிணைக்க முடிந்த பாதைகளைப் பாடசாலைப் பிள்ளைக்காகச் செப்பனிட முடியாதா?

முன்னர் இதற்கு ஒரு சட்டத் தடை சொல்லப்பட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாது என்று கைவிரித்தார்கள். வரி இறுக்கும் கடையும் வாக்களிக்கும் மக்களும் சபைக்கு உரியவை. வீதி மட்டும் கம்பனிக்கு உரியது என்ற நிலை மூன்று தசாப்தங்கள் நீடித்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே காலப்பகுதியில் நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச சபைகளின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் சபைகளில் அமர்ந்துள்ளனர். இனிச் சட்டத்தின் மீது பழியைப் போட முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது மண்சரிவுகளால் வீதிகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. உடைந்த வீதியைப் பழையபடியே கட்டுவதா, அதன் விளிம்பில் நடப்பவருக்கும் இடம் வைத்துக் கட்டுவதா என்பதை வீதி அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளூராட்சி மன்றங்களும் தீர்மானிக்க வேண்டும். உடைந்த சுவரைக் கட்டும்போதே ஜன்னல் வைப்பது செலவு குறைந்தது. கட்டி முடித்த பின்னர் இடித்து வைப்பது இரட்டைச் செலவு.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் இறைநம்பிக்கையின் ஒரு கிளையாக இஸ்லாம் கற்பிக்கின்றது. சுமந்து வருபவன் பாரத்தை இறக்கி இளைப்பாற வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டியவர்கள் நம் தமிழ் முன்னோர்கள். வழியில் செல்லும் எளியவனுக்காக வழியை அமைப்பது இரு சமூகங்களுக்கும் புதிய செய்தியன்று, மறந்துபோன கடமை.

மலைநாட்டு வீதிகளில் தேயிலை ஒன்றரை நூற்றாண்டாகப் பத்திரமாகத் துறைமுகத்தைச் சென்றடைகின்றது. அதனைப் பறித்தவரின் பிள்ளையும் நடந்தோ மிதித்தோ அதே வீதியில் பத்திரமாகப் பாடசாலையைச் சென்றடைய வேண்டும். அதற்கு வேண்டியது வீதியோரத்தில் மூன்றடி நிலமும், பின்னால் வருபவரின் சிறிது பொறுமையும் மாத்திரமே.